லிஸ்ட்டில் இல்லாத பழம்

இன்ஸ்பெக்டர் என்றதும் போலீஸ்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் டயாலிசிஸ் சென்டருக்கு எதிரே பழக்கடை வைத்திருந்தவர் அவர். வாங்க வருகிற ஆளை நிறுத்தி வைத்து விசாரிப்பதால் வந்த பெயர். "யாருக்குப் பழம்? கிட்னியா? வாரத்துக்கு எத்தனை தடவை டயாலிசிஸ்? கடைசியா பொட்டாசியம் எவ்வளவு இருந்துச்சு?" இத்தனையும் அரைக் கிலோ ஆப்பிளுக்கு. கைரேகை எடுக்காததுதான் பாக்கி.

அவருடைய கடையில் வாழைப்பழம் கிடையாது. ஆரஞ்சு, மாம்பழம், சப்போட்டா, மாதுளை எதுவும் கிடையாது. ஆப்பிள், பேரிக்காய், திராட்சை, அன்னாசி, கிடைக்கிற மாதங்களில் ஸ்ட்ராபெரி, அவ்வளவுதான். தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்து, "இது பழக்கடையா, மருந்துக்கடையா?" என்று கேட்டுவிட்டு நடையைக் கட்டுவார்கள். சிறுநீரகம் கெட்டுப்போன நாங்கள்தான் அவருடைய நிரந்தர வாடிக்கை.

போன மாதம் அவர் காலமானார். மகன் வீட்டில், தூக்கத்திலேயே போய்விட்டதாகச் செய்தி வந்தது. இனி அவரைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது.

அவரை நான் மாமா என்றுதான் கூப்பிட்டேன். என் அப்பா செத்தது அவர் கையால் வாங்கித் தின்ற பழத்தால்தான். இரண்டுமே உண்மை. இதைக் கடைசிவரை ஒளித்து வைத்து உங்களைத் திடுக்கிட வைக்க எனக்கு விருப்பமில்லை. அந்த மாதிரிக் கதைகளைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஐம்பத்தாறு வயதில் சிறுநீரகம் கைவிட்டதும் வேலையை விட்டார். திங்கள், புதன், வெள்ளி காலை ஆறு மணிக்கு மெஷினில் படுத்தால் பத்து மணிக்கு எழுவார். சென்டரின் லிஃப்டில் ஏறும்போதெல்லாம் காதைச் சுவரில் வைத்துக் கேட்டு, "கேபிளுக்கு எண்ணெய் போடவே இல்ல, சோம்பேறிப் பசங்க" என்று திட்டுவார். பிறகு சாலையைக் கடந்து, பழக்கடை வாசலில் இருந்த பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்காருவார். நான்கு மணி நேரம் ரத்தம் வெளியே போய்த் திரும்பி வந்த உடம்புக்கு அப்படி ஒரு பசி எடுக்கும். இப்போது எனக்கும் அது தெரியும்.

அப்போது கடையில் எல்லாப் பழமும் இருந்தது. ஆனால் எங்கள் ஆட்களுக்கு எதைக் கொடுப்பது, எதைக் கொடுக்கக் கூடாது என்பதில் அவர் அன்றைக்கே கறார். சென்டரில் கொடுக்கிற லிஸ்ட்டைக் கேட்டு வாங்கி, அட்டையில் பெரிய எழுத்தில் எழுதித் தராசுக்கு மேலே மாட்டியிருந்தார். மேலே சாப்பிடலாம், கீழே கூடாது. முதல் நாளே அப்பாவை நிறுத்திக் கேள்வி மேல் கேள்வி கேட்டிருக்கிறார். "யோவ், நீ என்ன இன்ஸ்பெக்டரா?" என்று அப்பா கேட்டார். அந்தப் பெயர் அப்படித்தான் வந்தது, வைத்தவர் போனபிறகும் ஒட்டிக்கொண்டது.

இருவருக்கும் நல்ல சிநேகம். அவர் அப்பாவை சார் என்பார், அப்பா அவரை யோவ் என்பார். வெள்ளரிப் பிஞ்சைத் தேர்ந்தெடுப்பதுபோல ஒவ்வொரு பேரிக்காயாக எடுத்துக் காம்பின் பக்கம் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, சரியாகப் பழுத்த ஒன்றை எடுத்துக் கொடுப்பார். திராட்சை என்றால் எண்ணிப் பதினைந்து. அன்னாசி என்றால் விரல் நீளத்தில் இரண்டு துண்டு. பதினாறாவது திராட்சைக்கு அப்பா கை நீட்டினால் கிண்ணத்தை இழுத்துக்கொள்வார்.

"இதையே எத்தனை நாள்யா திங்கறது? நாக்கு செத்துப்போச்சு. புதுசா ஒண்ணு காட்டேன்" என்று அப்பா வரும்போதெல்லாம் புலம்புவார். இந்தப் புலம்பல் அவர் மனசில் உட்கார்ந்துவிட்டது. வேறு யாராக இருந்தாலும் காதில் போட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். அக்கறை இல்லாத ஒரு பழக்காரரிடம் அப்பா வாங்கித் தின்றிருந்தால் இன்னும் சில வருஷம் இருந்திருப்பார் என்று நினைக்கும்போது எனக்கு யார் மேல் கோபப்படுவது என்றே தெரிவதில்லை.

ஒரு வியாழக்கிழமை மொத்த மார்க்கெட்டில் ஒரு வியாபாரி புதிதாக ஒரு பழம் காட்டினான். மஞ்சளாக, ஐந்து விளிம்புகளோடு இருந்தது. குறுக்கே வெட்டினால் ஒவ்வொரு துண்டும் ஒரு நட்சத்திரம். இவர் தின்று பார்த்தார். புளிப்பும் தண்ணீருமாக இருந்தது. கடைக்கு வந்து அட்டையைப் பார்த்தார். கூடாது என்ற வரிசையில் அந்தப் பழம் இல்லை. யாரையோ பிடித்துக் கேட்டதில் பொட்டாசியமும் குறைவுதான் என்று தெரிந்தது. அது உண்மையும்கூட. அந்தப் பழத்தில் சிறுநீரகக்காரர்களுக்கு வேறு ஒரு விஷம் இருக்கிறது. நல்ல சிறுநீரகம் அதை வெளியே தள்ளிவிடும், எங்கள் உடம்பில் அது தங்கி மூளைக்குப் போய்விடும். லிஸ்ட் எழுதியவர்கள் இந்த ஊரில் யார் இதைத் தின்னப் போகிறார்கள் என்று விட்டுவிட்டார்கள். லிஸ்ட்டில் இல்லாததால் கொடுக்கலாம் என்று இவர் எடுத்துக்கொண்டார். கவனமான ஆள் மட்டும்தான் இந்தத் தப்பைச் செய்ய முடியும். கவனமில்லாதவன் லிஸ்ட்டையே பார்த்திருக்க மாட்டான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அப்பா ஸ்டூலில் உட்கார்ந்ததும் நட்சத்திர நட்சத்திரமாக வெட்டிக் கிண்ணத்தில் வைத்துக் கொடுத்தார். "இந்தாங்க சார், புதுசு கேட்டீங்களே." அப்பா ஒரு துண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்ஸ்பெக்டர் ஸ்டாரா? என் தோள்ல குத்திக்கவாய்யா?" என்று சிரித்தாராம். ஒரு பழம் முழுதும் தின்றார். வீட்டுக்கும் மூன்று பழம் இவர் கட்டிக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் அப்பாவுக்கு விக்கல் பிடித்தது. சாதாரண ஆளாக இருந்தால் ஒரு சொம்புத் தண்ணீர் குடிக்கலாம். அப்பாவுக்கு ஒரு நாளைக்கு அளந்து மூன்று டம்ளர்தான். சனிக்கிழமை காலையிலும் விக்கல் நிற்காமல் போகவே, இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்தார். "யோவ், நேத்துலேந்து, விக்கல்யா. நீதான, நினைச்சுக்கிட்டு, இருக்கே?" இவரும் சிரித்துக்கொண்டே, "ஆமா சார், நான்தான் நினைச்சேன். இதோ நிறுத்திடறேன்" என்றார். அதுதான் அவர்கள் கடைசியாகப் பேசியது. ஞாயிற்றுக்கிழமை காலை அப்பாவுக்குப் பேச்சு குழறியது, மதியம் வலிப்பு வந்தது, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். திங்கள் காலை, மெஷினில் படுக்க வேண்டிய அதே நேரத்தில், உயிர் போயிற்று. நான் அப்போது வேறு ஊரில் கண்ணாடிக்கடையில் லென்ஸ் வெட்டும் வேலையில் இருந்தேன். வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. சிறுநீரகக்காரர் செத்தால் சிறுநீரகத்தால்தான் செத்தார் என்று எழுதிவிடுகிறார்கள். என்ன பழம் தின்றார் என்று யாரும் கேட்கவில்லை.

நான்கு மாதம் கழித்து அதே வியாபாரி மறுபடி ஒரு பெட்டி கொடுத்தான். இவர் அதைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, சென்டரின் ஆண் நர்ஸ் டீ குடிக்க வந்தவர் பார்த்துவிட்டுக் கத்தியிருக்கிறார். "அண்ணே, இதை எங்க பேஷண்ட் யாருக்காச்சும் குடுத்தீங்களா? விஷம்ணே இது. முதல்ல நிக்காம விக்கல் வரும். அப்புறம் பேச்சு குழறும், வலிப்பு வரும். ஒண்ணு ரெண்டுன்னா உடனே கூட்டிட்டு வந்தா மெஷின்ல போட்டுக் காப்பாத்திடலாம். மேல மேல தின்னாத்தான் கைமீறிப்போகும். யாருக்கும் குடுக்கலையே?"

"இல்ல" என்றார் இன்ஸ்பெக்டர்.

நர்ஸ் போனதும் பட்டப்பகலில் ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து அந்தப் பெட்டியில் இருந்த பழங்களை ஒவ்வொன்றாகத் தின்றார். பதினொன்று. பல் கூசி, வயிறு எரிந்தது. விக்கல் வரட்டும் என்று காத்திருந்தார். வரவில்லை. அவருடைய சிறுநீரகம் கல்லுப்போல இருந்தது. "ஒண்ணுமே ஆகலை பாப்பா. அதைத்தான் என்னால தாங்க முடியலை" என்று பல வருஷம் கழித்து என்னிடம் சொன்னார்.

அதற்குப் பிறகு விக்கல் அவரை விடவில்லை. பஸ்ஸில் பின் சீட்டில் யாராவது விக்கினால் எழுந்து போய், "கிட்னியா?" என்று கேட்பார். ஒரு கல்லூரிப் பெண் பயந்துபோய் நடுவழியில் இறங்கியிருக்கிறாள். பேரக்குழந்தை பால் குடித்துவிட்டு விக்கியதும் இவர் நடுங்கியதைப் பார்த்து மருமகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள். யாரையும் நினைக்கவே அவருக்குப் பயம். நினைத்தால் அங்கே அவர்களுக்கு விக்கல் எடுக்குமோ என்ற பைத்தியக்கார எண்ணம். சில நாள் காலை பத்து மணிக்குக் கடை வாசலில், யாரும் இல்லாத ஸ்டூலிலிருந்து அந்தச் சத்தம் கேட்கும் என்றார். கொஞ்சம் இடைவெளி விட்டு, பேச்சின் நடுவே வருகிற விக்கல். போனில் கேட்ட மாதிரியே. அவர் உடனே ஸ்டூலைத் தூக்கி உள்ளே வைப்பார். பிறகு அப்பா எங்கே உட்காருவார் என்று தோன்றி வெளியே கொண்டுவந்து போடுவார்.

சந்தேகமான பழத்தையெல்லாம் ஒவ்வொன்றாகக் கடையிலிருந்து ஒழித்தார். அட்டையைக் கழற்றி எறிந்தார். முன்பு எது கூடாது என்று பார்த்தவர், இப்போது ஐந்து பழங்களைத் தவிர எதையும் நம்புவதில்லை. ஜனங்கள் அவருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றார்கள்.

அம்மா அவரைச் சும்மா விடவில்லை. பள்ளிக்கூட ஆபீஸில் வேலை முடிந்து வருகிற வழியில் கடைக்குப் போய் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வருவாள். "எங்க வீட்டுக்காரரைப் பாத்துப் பாத்து கவனிச்சீங்க அண்ணே. கூடப் பிறந்தவங்ககூட அப்படிச் செய்ய மாட்டாங்க" என்பாள். மூன்று முறை உண்மையைச் சொல்ல வாயெடுத்தாராம். மூன்று முறையும் அம்மா இதைச் சொல்லி வாயை அடைத்துவிட்டாள்.

அப்பாவின் வியாதி பரம்பரை வியாதி. அவர் போய் ஆறாவது வருஷம் எனக்கும் வந்தது. முப்பத்துநான்கு வயதில் அதே சென்டர், அதே காலை ஆறு மணி. முதல் நாள் நான்கு மணி நேரம் முடிந்து வெளியே வந்தபோது அம்மா என்னை நேரே அந்தக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். "அண்ணே, இனிமே இவளுக்கும் நீங்கதான் பழம் பாத்துக் குடுக்கணும். வேற யாரையும் நான் நம்பமாட்டேன்." அவர் கை தராசின் மேல் அப்படியே நின்றது. கேள்வி எதுவும் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்க்காமல் ஒரு சின்ன ஆப்பிளை எடுத்துத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

இரண்டு வருஷம் நான் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். சொந்தக்காரர்கள் எல்லாம் எனக்கு வைத்தியர்களாகிவிட்டிருந்தார்கள். இளநீர் குடி, உடம்பு குளிர்ச்சியாகும் என்பாள் அத்தை. பேரீச்சம்பழம் தின்றால் ரத்தம் ஊறும் என்பார் சித்தப்பா. அவர்கள் பேச்சைக் கேட்டிருந்தால் என்னைப் பற்றி வேறு யாராவதுதான் எழுத வேண்டியிருக்கும். "தலையைத் தலையை ஆட்டிட்டு வந்துடு பாப்பா, இங்க வந்து தின்னு" என்பார் மாமா. தர்பூசணி கேட்டால், "அது பழம் இல்ல, தண்ணி. உன் டம்ளர் கணக்குல கழிச்சுடுவேன்" என்பார். நான் தின்று முடிக்கும்வரை என் தொண்டையையே பார்த்துக்கொண்டு நிற்பார். ஏன் அப்படிப் பார்க்கிறார் என்று அப்போது தெரியாது. "மாமா, பாக்காதீங்க, வயிறு வலிக்கும்" என்று கிண்டல் செய்வேன்.

ஒரு புதன்கிழமை. நான் கையில் ஊசி எடுத்த இடத்தில் பஞ்சு ஒட்டிக்கொண்டு பேரிக்காய் தின்றுகொண்டிருந்தேன். அம்மா அரை நாள் லீவு போட்டுக் கூட வந்திருந்தாள்.

"அண்ணே, இவளுக்கும் இதெல்லாம் அலுத்துப்போச்சு. அன்னிக்கு அவருக்கு ஒரு பழம் குடுத்தீங்களே, நட்சத்திரம் மாதிரி இருக்குமே. அது வருதா இப்பல்லாம்?"

மாமா வெட்டிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தார். "இல்லம்மா. அது வர்றதே இல்ல."

"ஏன் இல்ல? எங்க ஆபீஸ் பக்கத்துல புதுசா சூப்பர் மார்க்கெட் திறந்திருக்காங்க. அங்க அடுக்கி வெச்சிருக்கான். நாளைக்குப் போறப்ப நாலு வாங்கிட்டு வரேன்." அம்மா என் பக்கம் திரும்பினாள். "அப்பாக்கு அந்தக் கடைசி ரெண்டு நாள் சோறு எறங்கலை, இட்லி எறங்கலை, எதுவுமே எறங்கலைடி. இவரு குடுத்துவிட்ட மூணு பழத்தையும் நான்தான் கொஞ்சம் கொஞ்சமா பிழிஞ்சு குடுத்தேன். அது மட்டுந்தான் உள்ள போச்சு. அவரு பட்டினியா போகலைங்கிற ஒரு நிம்மதிதான் இத்தனை வருஷமா எனக்கு."

மாமாவின் முகத்தில் ரத்தமே இல்லை. எட்டு வருஷமாகத் தன் பாவம் என்று ஒரு பழத்தைச் சுமந்துகொண்டிருந்தவர். கட்டிக் கொடுத்த மூன்றையும் வீட்டில் எல்லோரும் பங்கு போட்டுத் தின்றிருப்பார்கள் என்று நினைத்திருந்தார். இப்போது உண்மையைச் சொன்னால் அம்மாவின் கையிலும் அது ஒட்டிக்கொள்ளும். சொல்லாவிட்டால் நாளைக்கு நான் தின்பேன். இதைவிடக் கொடுமையான ஒரு இடத்தில் கடவுள்கூட ஒரு பழக்காரரை நிறுத்த முடியாது.

அவர் கடையை விட்டு இறங்கி வந்து அம்மாவுக்கு எதிரே நின்றார்.

"அதை வாங்காதம்மா. கிட்னிக்காரங்களுக்கு அது விஷம். பாப்பா கண்ணுல கூட காட்டாத."

"என்னண்ணே சொல்றீங்க? அவரு..."

"ஆமாம்மா. நான்தான். எனக்குத் தெரியலை. லிஸ்ட்டுல இல்லன்னு குடுத்துட்டேன். அப்புறமாத்தான் நர்ஸ் சொன்னாரு." மூச்சு வாங்கியது அவருக்கு. பிறகு வேகமாக, ஒப்பிப்பதுபோலச் சொன்னார். "ஆனா ஒண்ணு கேட்டுக்க. இங்க உக்காந்து தின்னாரே, அந்த ஒண்ணுதான். அதுலயே எல்லாம் முடிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் வீட்டுல என்ன குடுத்திருந்தாலும் கணக்குல வராதாம். நர்ஸே சொன்னாரு. உனக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. முழுக்க என்னோடது."

நான் கையிலிருந்த கிண்ணத்தை அவர் மேல் வீசியிருப்பேன். கை எழவில்லை. இரண்டு வருஷமாக இந்த மனிதர் நறுக்கிக் கொடுத்ததைத் தின்றிருக்கிறேன் என்று நினைத்து, வாயில் இருந்த துண்டைத் துப்பினேன். அவர் அழுதுகொண்டிருந்தார், வயசான ஆண்கள் அழுவதுபோலச் சத்தமே இல்லாமல். பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அம்மா அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"தெரிஞ்சு குடுத்தீங்களா?"

"ஐயோ, இல்லம்மா."

"அப்புறம் என்ன அண்ணே. கண்ணைத் துடைங்க, எல்லாரும் பாக்கறாங்க. இவளுக்கு வெள்ளிக்கிழமைக்கு ரெண்டு பேரிக்காய் போடுங்க."

அவர் போட்டார். கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கவில்லை. அம்மாவே அழுத்திப் பார்த்து வாங்கிக்கொண்டாள்.

வீடு வரும்வரை நான் பொருமிக்கொண்டே வந்தேன். வந்ததும் வெடித்தேன். "எப்படிம்மா அங்க நின்னு பேரிக்காய் வாங்கின? எட்டு வருஷமா தெரிஞ்சுக்கிட்டே நம்மகிட்ட பல்லைக் காட்டியிருக்காரு. இனிமே அந்தக் கடைப் பக்கம் நீயும் போகக் கூடாது, நானும் போகமாட்டேன்."

அம்மா சமையலறையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். செருப்பைக்கூடக் கழற்றியிருக்கவில்லை.

"அவருக்குப் பொய் சொல்லத் தெரியலை" என்றாள்.

"எது பொய்?"

"ஒரு பழத்துலயே முடிஞ்சுதுங்கறது. வெள்ளிக்கிழமை அப்பா விக்கிக்கிட்டே டிவி பாத்தாரு, சிரிச்சாரு. சனிக்கிழமை நான் ஒவ்வொரு டம்ளரா குடுக்கக் குடுக்கத்தான் கண்ணு சொருகிச்சு. அப்பவே எனக்கு ஏதோ தோணிச்சு. வேற எதுவும் எறங்கலையே, இதையாவது குடிக்கறாரேன்னு விட்டுட்டேன்." புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள், பிரித்தாள். "ஞாயித்துக்கிழமை காலையில கடைசிப் பழம். பிழிஞ்சு கொண்டுபோனேன். அவரு வேணாம்னு தலையை ஆட்டினாரு. டம்ளரைத் தள்ளிவிட்டாரு. பேச்சு வரலை, ஆனா வேணாம்னு நல்லா தெரிஞ்சுது. நான்தான் தலையை மடியில வெச்சுப் பிடிச்சுக்கிட்டு, குழந்தைக்கு ஊத்தற மாதிரி முழுசையும் ஊத்தினேன்."

நான் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அம்மா என் கையில் இருந்த பஞ்சை எடுத்துப் பார்த்து, ரத்தம் நின்றுவிட்டதா என்று சோதித்து, மறுபடி ஒட்டினாள்.

"வெள்ளிக்கிழமை எப்பவும் போல அவரு கடைக்குப் போயிடு. போய் உக்காந்து தின்னு. நான் உன்கிட்ட சொன்னதை மட்டும் அவருகிட்ட சொல்லிடாத. நான் நம்பிட்டேன்னே இருக்கட்டும். இதுவும் தெரிஞ்சா அந்த மனுஷன் தாங்கமாட்டாரு."